பாதிக் குடம்

ஒரகடம் சந்திப்பில் ஸ்ரீபெரும்புதூர் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறியவரின் மடியில் ஒரு தலையணை இருந்தது. பூப்போட்ட உறை போட்ட, வீட்டில் தலைக்கு வைத்துப் படுக்கிற சாதாரணத் தலையணை. எதிர் சீட்டில் இருந்த பாட்டி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்பா, ஆஸ்பத்திரியில யாருக்காவது துணைக்குப் படுக்கப் போறியா?"

"இல்லம்மா. இது எனக்குத்தான்."

பாட்டிக்குப் புரியவில்லை. அடுத்த வேகத்தடை வந்தபோது புரிந்தது. அவர் தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். ஆட்டோ ஏறி இறங்கியது. சட்டையின் மேல் பட்டனுக்குப் பக்கத்தில் தையல் தழும்பின் நுனி தெரிந்தது.

"தம்பி, மெதுவாப் போப்பா. நெஞ்சுல ஆபரேஷன் பண்ண புள்ள உக்காந்திருக்கு" என்று டிரைவருக்கு உத்தரவு போட்டார் பாட்டி. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, அந்த ஆட்டோ அன்றைக்கு மாட்டு வண்டி மாதிரி போனது.

அவருக்கு வயது 46. சொந்த ஊர் செய்யாறு பக்கம். ஒரகடத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழும்பிய காலத்தில் குடும்பத்தோடு வந்தவர். கார், லாரி, பைக், டயர் என்று எல்லாம் தயாராகிற இந்தப் பகுதியில், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனிகள் ஏராளம். அப்படி ஒன்றில் கான்ட்ராக்ட் தொழிலாளி. லோடிங் வேலை. பெட்டிகளை பேலட்டில் அடுக்கி, டிராலியில் இழுத்து, லாரியில் ஏற்ற வேண்டும். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். மனைவி இன்னொரு தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங். மகள் பதினோராம் வகுப்பு.

2024 பொங்கல் முடிந்த அடுத்த வாரம் அது நடந்தது. காலை ஷிப்டில் தாடையிலிருந்து இடது கை வரைக்கும் ஒரு இழுப்பு. கேஸ் என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்தார். இங்கே நெஞ்சுவலிக்கு எல்லாரும் முதலில் வைக்கிற பெயர் கேஸ்தான். சட்டை நனைந்து ஒட்டுகிற அளவுக்கு வேர்த்ததும், கூட வேலை செய்த பையன் பைக்கில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனான். இ.சி.ஜி. எடுத்தார்கள். கையில் ஒரு பிடி மாத்திரை கொடுத்து உடனே விழுங்கச் சொன்னார்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் மாத்திரைகள் அவை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்து 14. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் ரத்தம் மேலும் உறையாமல் காக்கவும், ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு மேலும் வெடிக்காமல் இருக்கவும் கொடுப்பது. பிறகு 108 வந்தது.

ஆஞ்சியோவில் மூன்று இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் சரிப்படாது, பைபாஸ்தான் என்றார்கள்.

மனைவி அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் முதலில் தேடியது தாலிக்கொடியை. எத்தனை பவுன் என்று அவருக்குத் தெரியும். அடகு வைத்தால் எவ்வளவு வரும் என்றும் தெரியும். அது போதாது என்பதும் தெரியும். அப்போதுதான் ஒரு நர்ஸ், "உங்க வீட்டுக்காரருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

பிடிக்கிறார்கள். சம்பளச் சீட்டில் மாதாமாதம் 113 ரூபாய் கழிகிற ஒரு வரி உண்டு. 'இதை எதுக்குப் பிடிக்கிறானுங்கன்னே தெரியல' என்று அவர் வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த வரி. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கான திட்டம் அது. தொழிலாளி 0.75 சதவிகிதம், முதலாளி 3.25 சதவிகிதம் கட்ட வேண்டும். சட்டம் வந்தது 1948 ஏப்ரலில். இங்கிலாந்து தன் மக்கள் எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்று அறிவித்து என்.எச்.எஸ். தொடங்கியதும் அதே 1948 ஜூலையில்தான். இரண்டு வருடம்கூட வெள்ளைக்காரனிடமிருந்து விலகியிராத ஒரு ஏழை நாடு, எல்லாருக்கும் முடியாவிட்டாலும் தொழிலாளிக்காவது என்று யோசித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1955-ல் கோயம்புத்தூரில் முதலில் வந்தது.

இ.எஸ்.ஐ. அனுப்பிவைத்த ஆஸ்பத்திரியில், மாரடைப்பு வந்த பத்தாவது நாள் ஆபரேஷன் நடந்தது. பில் கட்டுகிற கவுன்டர் பக்கமே அவர்கள் போகவில்லை. எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் மாத்திரைப் பை, மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி, ஒரு தாள்.

தாளில் இருந்ததுதான் அடுத்த மூன்று மாத வாழ்க்கை.

பைபாஸ் என்றால் நெஞ்செலும்பை நடுவில் நெடுக அறுத்துத் திறக்கிறார்கள். வேலை முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். மேலே தோல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். பார்ப்பவர்களுக்கு ஆள் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே எலும்பு கூடி இறுக மூன்று மாதமாவது ஆகும். அதுவரைக்கும் கனம் தூக்கக் கூடாது. இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். பைக் ஓட்டக் கூடாது. இருமினாலும் தும்மினாலும் நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கொருமுறை அந்தக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலில் சளி கட்டும்.

"ரெண்டு கிலோவுக்கு மேல எதையும் தூக்காதீங்க. உங்க வேலை என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

"லோடிங், சார்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "நீங்கதாம்மா பார்த்துக்கணும்."

வாடகை வீடு மாடியில். பன்னிரண்டு படிகள். முதல் நாள் படிக்கு ஒருமுறை நின்று ஏறினார். கீழ் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பேலட் பேலட்டாக டன் கணக்கில் நகர்த்தியவர், மகள் கொடுத்த பால் பாக்கெட் பையை வாங்கும்போது இது இரண்டு கிலோவுக்குள் வருமா என்று கணக்குப் போட்டார்.

காலில் வேறு நீளமாக ஒரு தையல். நெஞ்சு ஆபரேஷனுக்குக் காலை ஏன் கிழித்தார்கள் என்று ஊரிலிருந்து பார்க்க வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். மகள்தான் போனில் படித்து விளக்கம் சொன்னாள். காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் அடைப்பைத் தாண்டி ஒட்டவைத்து, ரத்தத்துக்கு மாற்று வழி போடுகிறார்கள். நெடுஞ்சாலையில் ஊருக்கு வெளியே பைபாஸ் போடுகிற மாதிரி. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இந்த முறையை நிலைநாட்டிய டாக்டர் ரெனே ஃபவலோரோ, அர்ஜென்டினாக்காரர். ஒரு தச்சரின் மகன். அதற்கு முன்னால் பல வருடம் ஒரு குக்கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர்.

"இந்தியாவுல முதல் பைபாஸ் எங்க நடந்துச்சு தெரியுமாப்பா? நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில. 1975-ல. டாக்டர் கே.எம்.செரியன்."

"ரயில்வேகாரங்க ஆஸ்பத்திரியிலயா?" என்றார் அவர். ஏதோ பெரிய பணக்கார ஆஸ்பத்திரியில், பெரிய மனிதர் ஒருவருக்குத்தான் முதலில் நடந்திருக்கும் என்று நினைத்திருந்தார். ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி என்று கேட்டதும் காரணம் தெரியாமல் கண் நிறைந்தது.

அந்த அழுகை அடிக்கடி வந்தது. டி.வி.யில் வடிவேலு காமெடி ஓடும்போது வந்தது. மனைவி ஷிப்டுக்குப் போக விடிகாலை நாலரைக்கு எழுந்து சத்தம் காட்டாமல் சமைக்கிறபோது வந்தது. ஸ்ரீபெரும்புதூர் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மனைவிதான் சொன்னார். டாக்டர் சாதாரணமாகத் தலையாட்டினார். "இதய ஆபரேஷன் ஆனவங்க நிறைய பேருக்கு இப்படி வரும். பசி இருக்காது, தூக்கம் இருக்காது, அழுகை வரும். கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். குறையலேன்னா வந்து சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு. அழுகை வந்தா அழுங்க, அடக்காதீங்க." ஆம்பளை அழலாம் என்று ஒரு டாக்டரே சொன்னது அவருக்கு அன்றைய முதல் மருந்து.

அந்த டிஸ்பென்சரிக்குப் போகத்தான் ஷேர் ஆட்டோவும் தலையணையும். ஓய்வு தேவை என்று டாக்டர் கொடுக்கிற சர்ட்டிபிகேட்டை வைத்துத்தான் உடல்நலக் குறைவுக்கான பணம் வரும். சம்பளத்தில் 70 சதவிகிதம். வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. நாளுக்கு 500 ரூபாய் சம்பளம் என்றால் 350 ரூபாய். மாதத்துக்கு 10,500. வாடகை 5,000, கரன்ட், மகளின் டியூஷன், மளிகை. ஆபரேஷன் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மனுஷன் வீட்டில் உட்கார்ந்திருக்கிற செலவு இருக்கிறதே, அது தினமும் காலையில் எழுந்து வந்து எதிரில் நின்றது. மனைவி ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தார்.

ஐந்தாவது வாரம். காலை ஆறு மணி. மனைவி போய்விட்டார். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். கீழே பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. அரை மணி நேரம்தான் வரும். வழக்கமாக மகள் பிடித்துத் தூக்கி வருவாள். பொதுத்தேர்வு நெருங்குகிற நேரம், பன்னிரண்டு படியில் குடம் குடமாக. அவர் கீழே இறங்கினார். ஒரு குடம்தானே என்று நினைத்தார். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடம். குனிந்து, இடுப்பில் ஏற்றி, இரண்டு படி.

நெஞ்சுக்குள் 'டக்' என்றது.

குடத்தை அப்படியே படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வலியைவிட அந்தச் சத்தம்தான் பயமுறுத்தியது. கம்பி அறுந்துவிட்டதா, எலும்பு திறந்துகொண்டதா? மகள் தலையைத் துவட்டியபடி வந்து பார்த்தபோது, "ஒண்ணுமில்ல பாப்பா, மூச்சு வாங்குது" என்றார். நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தார். ராத்திரி மனைவி பக்கத்தில் தூங்குகிறபோது, இருட்டில் மெதுவாக நெஞ்சில் கை வைத்து, மூச்சை இழுத்து, சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் மனைவி அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்னங்க செஞ்சீங்க?"

சொன்னார். மனைவி திட்டவில்லை. அன்றைக்கு லீவு போட்டார். ஒருநாள் சம்பளம் போனது. அதுதான் அவருக்கு எல்லாத் திட்டையும்விட உறைத்தது.

டாக்டர் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்தி, இருமச் சொன்னார். மறுபடி இருமச் சொன்னார். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார். கம்பிகள் வரிசையாக, முறுக்குக் குலையாமல் இருந்தன. எலும்பு அசையவில்லை. சதைப் பிடிப்புதான். "தப்பிச்சீங்க. இந்த எலும்பு ஆடிப்போச்சுன்னா கிருமி உள்ள போகும். மறுபடி திறக்கணும். முதல் ஆபரேஷனைவிட அது பெரிய தொல்லை."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவி பேசினார். குரலை உயர்த்தாமல், ரோட்டைப் பார்த்தபடி.

"எனக்கு ஒத்தாசைன்னு நினைச்சுத்தானே தூக்குனீங்க? நீங்க தூக்காம இருக்கிறதுதாங்க எனக்கு ஒத்தாசை. மூணு மாசம் சும்மா உக்காந்திருக்கிறது உங்க வேலை. அதை ஒழுங்காப் பாருங்க."

அதற்குள் இன்னொரு சிக்கல் வந்தது. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் போன் செய்தார். தென்மாவட்டத்துப் பையன், கெட்டவன் இல்லை. "அண்ணே, எப்படி இருக்கீங்க? மேல கேக்குறாங்கண்ணே. திங்கக்கிழமை வந்துட்டா நல்லது. இல்லேன்னா வேற ஆள் போட்டுருவாங்க போல."

திங்கட்கிழமை என்றால் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. வேலை போனால் அந்தப் பத்தாயிரமும் போகும், 113 ரூபாய் வரியும் போகும். அது போனால் மாத்திரை எங்கே கிடைக்கும்? போய் நின்றால் லோடிங் செய்யாமல் நிற்க முடியுமா?

மறுவாரம் டிஸ்பென்சரி வரிசையில், பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிப் புலம்பினார். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், சங்கத்தில் இருந்தவர். "இ.எஸ்.ஐ. சட்டம் 73-வது பிரிவு தெரியுமா உனக்கு? நீ சிக் லீவு பணம் வாங்கிட்டிருக்கிற காலத்துல உன்னை வேலையைவிட்டுத் தூக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. அப்படி நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லாது. போன்ல மரியாதையாச் சொல்லு. சண்டை போடாதே. நம்பரை மட்டும் சொல்லு."

அவர் அந்த எண்ணை மாத்திரை அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்க, போன் செய்தார். குரல் நடுங்கியது. 73 என்று சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரிண்ணே. அந்த சர்ட்டிபிகேட்டை மட்டும் வாட்ஸ்அப்ல போட்டுருங்க. நான் மேல பேசிக்கிறேன்" என்றான் பையன். பிறகு தயங்கி, "எங்கப்பாவுக்கும் நெஞ்சுவலிதாண்ணே. நீங்க பாத்து இருங்க" என்று சொல்லி வைத்தான்.

அதன் பிறகு அவர் மனைவி சொன்ன வேலையை ஒழுங்காகப் பார்த்தார். காலையிலும் மாலையிலும் நடந்தார். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு அரை மணி. ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போகிற ரோட்டோரம் நடக்கும்போது ஜன்னலிலிருந்து சிலர் கையசைப்பார்கள். பீடி விட்டு மூன்று மாதம் ஆகப்போகிறது. ஊறுகாயும் அப்பளமும் போனது. தேர்தல் பிரசார ஆட்டோக்கள் அலறிக்கொண்டு போன பங்குனி வெயிலில், பந்துக் கருவியில் மூன்றாவது பந்தும் மேலே போய் நின்றது. மகள் கைதட்டினாள்.

உட்கார்ந்தே செய்கிற வேலைகள் அவருக்குப் பழகின. கீரை ஆய்ந்தார். பூண்டு உரித்தார். மகளுக்கு வேதியியல் பாடத்தைக் கையில் புத்தகம் வைத்து ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டார். பதினாறு வருடமாக ஷிப்டில் ஓடியவருக்கு, மகள் எந்தப் பாடத்தில் திக்குவாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எலும்பு கூடுவதற்கும் 91 நாள் முடிவதற்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்காக இருந்தது. சித்திரையில் ஃபிட் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அதில் டாக்டர் கையால் ஒரு வரி சேர்த்தார்: கனமான சுமை தூக்கும் வேலை தர வேண்டாம். அந்த ஒரு வரியைக் கம்பெனி ஏற்குமா என்று ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் லாரி வருகிற வாசலில், பெட்டிகளை ஸ்கேன் செய்து கணக்கு எழுதுகிற இடத்தில் நிறுத்தினார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் மாதச் சம்பளச் சீட்டில் அந்த இ.எஸ்.ஐ. வரி இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இருந்தது.

வேலைக்குப் போன முதல் ஞாயிறு. குழாயில் தண்ணீர் வந்தது. மனைவி கீழே நின்று பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றார்.

மனைவி அவரைப் பார்த்தார். நிறைந்திருந்த குடத்தைச் சாய்த்து, பாதித் தண்ணீரைப் பக்கத்துப் பக்கெட்டில் ஊற்றினார். குடத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மெதுவா. ஒவ்வொரு படியா."

அவர் பாதிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். மனைவி பக்கெட்டோடு பின்னாலேயே ஏறினார். ஆறாவது படியில் அவர் நின்றார். நெஞ்சில் சத்தம் எதுவும் வரவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, மீதி ஆறு படியையும் ஏறினார்.